வானத்துக்கு விடாமல் அடுப்புக்கு விடுவோம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, எங்களைப் பேசவிட்டுத் தான் கேட்டுக்கொண்டிருக்கும் கோட்டப் பொறியாளர் ஐயா அவர்களே! அருகில் அமர்ந்து, கடிகாரத்தைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! மண்ணுக்கு அடியில் வியர்வை சிந்தி, மண்ணுக்கு மேலே ஏச்சு வாங்கும் என் குழாய்ப் பணித் தோழர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற நினைப்போடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையின் ஓரத்து நாற்காலியில், என்னைப் பார்க்காமல் மேடைத் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அக்கா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

அக்காவைத் தனியாகச் சொல்கிறானே என்று தலைவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். காரணம் இருக்கிறது ஐயா, வருகிறேன்.

நான் எரிவாயுக் குழாய்களைப் பழுதுபார்க்கும் குழுவின் ஃபோர்மேன். உங்கள் தெருமுனையில் உள்ள குழாய் ஒழுகுகிறது. எனக்கு முன்னால் அது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வழி கேட்கிறவர்களிடம், "நேரா வாங்க, நாத்தம் வர்ற இடத்துல இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்கிற தெரு இது! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பார்சல் கொண்டுவரும் பையன்களெல்லாம் மூக்கை நம்பித்தான் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இத்தனை நாள் ஏன் அடைக்கவில்லை என்று கேட்பீர்கள். திறந்தவெளி, வெடிக்கும் ஆபத்து இல்லை, கண்காணிப்பில் வைப்போம் என்பது எங்கள் துறையின் வழக்கம். கண்காணித்தோம்! வந்தோம், மோந்தோம், போனோம்! இப்போதுதான் அதை அடைக்க உத்தரவு வந்திருக்கிறது.

அடைப்பது பெரிய வேலை இல்லை. அடைப்பதற்கு முன்னால் செய்வதைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் வால்வை மூடுவோம். நடுவில் மாட்டிக்கொண்ட எரிவாயுவை ஓர் உயரமான குழாய் வழியாக வானத்தில் திறந்துவிடுவோம். காது கிழிய ஓர் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் குழாய் காலி. ஒழுகும் இடத்தைப் பற்றவைத்து அடைக்கிற வெல்டர் குழிக்குள் இறங்குவார். மதியத்துக்குள் உங்கள் அடுப்பு எரியும்.

தோழர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! சொட்டுச் சொட்டாக ஒழுகுவதை நிறுத்தக் குடத்தையே கவிழ்க்கிறோமே, இது என்ன கணக்கு? ஒழுகலை அடைத்தோம் என்று மார்தட்டுகிறோமே, ஓராண்டு ஒழுகியிருக்கக் கூடியதை ஒரே காலையில் ஊதித் தள்ளிவிட்டு யாரிடம் மார்தட்டுகிறோம்?

வானத்தில் விட்டது எங்கே போகிறது? கண்ணுக்குத் தெரியாது. வாடைகூட நாங்கள் கலந்தது. அதற்கென்று வாடை கிடையாது. மீத்தேன் என்பது அதன் பெயர். எரிந்து புகையாகப் போனாலும் கேடுதான். எரியாமல் போனால், அந்தப் புகையைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றில் கலந்து, கதிரவன் சூட்டைக் கட்டிவைத்து, காயும் பூமியை இன்னும் காய்ச்சும். ஆனால் ஒன்று, தாய்மார்களே. புகையைப் போல அது தலைமுறை தலைமுறையாகத் தங்குவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் கரைந்துவிடும். இன்று நாம் விடாமல் நிறுத்தினால், இன்று இடுப்பில் இருக்கும் பிள்ளை பள்ளி முடிப்பதற்குள் அதன் பலன் தெரியும். வேறு எந்தக் கேட்டை நிறுத்தினால் இத்தனை சீக்கிரம் பலன் வரும்?

யாரது அங்கே, "கம்பெனிக்கு லாபம்னு சொல்லுங்க" என்பது? ஆமாம் ஐயா, லாபம்தான். வீணாகாத வாயுவை விற்பார்கள். இல்லை என்று சொல்லி உங்கள் காதில் பூச்சுற்ற மாட்டேன். அவர்களுக்கு லாபம் என்பதற்காக நமக்கு நல்லது கெட்டதாகிவிடுமா?

இப்போது அக்காவிடம் வருகிறேன்.

அக்காவின் கணவர், என் மாமா, எங்கள் குழுவில் குழாய்களைப் பற்றவைப்பவர். வானத்தில் வாயுவைத் திறந்துவிடும்போதெல்லாம் அவர் குழி ஓரத்தில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார். இரைச்சல் அடங்கியதும் ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வார்: "எத்தனை வீட்டுச் சமையல் போச்சு பாத்தியா, மாப்ள?" நாங்கள் சிரிப்போம். சம்பளம் வாங்குகிற வேலையில் இதெல்லாம் எதற்கு மாமா என்போம்.

போன கோடையில் ஒரு பிற்பகல். அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. குழிக்குள் இருந்த இரும்பைக் கையுறை போட்டும் தொட முடியவில்லை. மாமா பாதி வேலையில் மேலே ஏறி வந்தார். "தலைய சுத்துது. தண்ணி குடு" என்றார். தண்ணீர் வருவதற்குள் விழுந்துவிட்டார். அவரை நான்தான் மடியில் வைத்திருந்தேன். அந்த உடம்பின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

நாம் திறந்துவிட்ட வாயுதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய். ஒரு குழாய் ஒரு மனிதனைக் கொன்றது என்று எந்த அறிஞரும் எழுதித் தர மாட்டார். ஆனால் அந்த வெயிலுக்குள் நம் பங்கும் இருந்தது. எவ்வளவு என்று தெரியாது. இருந்தது என்று மட்டும் தெரியும். அது தெரிந்தபிறகு எப்படி ஐயா பழைய மாதிரி வால்வைத் திறப்பது?

அதனால் புது முறைக்கு வந்தோம். வாயுவை வானத்தில் விடாமல், லாரியில் ஓர் அழுத்தும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, பக்கத்துக் குழாய்க்குள் தள்ளுவது. நல்ல முறை. ஆனால் மெதுவான முறை. முதன்முதலாக அதைச் செய்த இடம் எது தெரியுமா? அக்கா குடியிருக்கும், இதே தெருவின் கீழ்க்கோடி.

மாமா போன பிறகு அக்கா சமைத்துக் கொடுத்துத்தான் குடும்பத்தை நடத்துகிறாள். மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஆர்டர் அவளுக்குக் கிடைத்திருந்தது. அன்றுதான் முதல் நாள். காலையில் எங்கள் வண்டி தெருத் தெருவாக ஒலிபெருக்கியோடு போனது. உள்ளே ஓடியது பழைய பதிவு. தேன் தடவிய குரலில் ஓர் அம்மா, "மதியத்திற்குள் எரிவாயு வந்துவிடும்" என்றார். வேலை மாறியது, பதிவு மாறவில்லை! யாருக்கும் மாற்றத் தோன்றவில்லை. மதியம் வந்தது, வாயு வரவில்லை. அக்காவின் அடுப்பில் பாதி வெந்த சாப்பாடு அப்படியே கிடந்தது.

அவள் குழி ஓரத்துக்கு வந்தாள். என் ஆட்கள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "எப்பவும் மேல தொறந்து விடுவீங்களே, இன்னைக்கு என்ன புதுசா? வானம் வந்து உன்கிட்ட புகார் குடுத்துச்சா?" நான் வாயைத் திறக்கவில்லை. வால்வையும் திறக்கவில்லை. ஆர்டர் போயிற்று. அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை.

வெயில் தின்ற வீட்டின் அடுப்பையே வெயிலுக்கு வைத்தியம் என்று சொல்லி அணைத்துவிட்டோமே! இந்த உலகத்தில் யார் தலையில்தான் எல்லாம் வந்து விடிகிறது?

பொறியாளர் ஐயா நேர்மையாகச் சொல்லிவிட்டார். தெரு சம்மதித்தால் புது முறை. தெரு மறுத்தால் பழைய முறை. வானத்தில் விட்டுவிட்டு மதியத்துக்குள் முடித்துக்கொடுப்போம். முடிவு உங்கள் கையில்.

இந்த முறை நாங்கள் இன்னும் ஒன்று யோசித்திருக்கிறோம். விடிவதற்கு முன்பே, வாயு உள்ளே வரும் பக்கத்து வால்வை மட்டும் மூடிவிடுவோம். குழாய்க்குள் இருக்கும் வாயு உங்கள் அடுப்புகளுக்கு எப்போதும் போல வரும். நீங்கள் சமைக்கச் சமைக்கக் குழாய் காலியாகும். வெந்நீர் போடுங்கள், இரண்டு வேளைச் சமையலையும் சேர்த்துச் செய்யுங்கள். அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கியதும் எங்கள் ஆட்கள் வீடு வீடாக வந்து மூடச் சொல்வார்கள். மிச்சத்தை மட்டும் இயந்திரம் தள்ளும். வீணாய்ப் போனது உங்கள் உலையில் கொதிக்கட்டும்! விண்ணுக்குப் போனது உங்கள் வீட்டுக்கு வரட்டும்!

ஆனால் அன்று பகலும் மாலையும் அடுப்பு எரியாது. இது உண்மை. சமைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிட வலிக்கும். ஆகவே முதல் வார்த்தை என் அக்காவுடையது. அவள் வேண்டாம் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். அக்கா, மாமா நின்ற குழி ஓரத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்து...

என்ன? எழுந்துவிட்டாள். உட்காருங்கள் தோழர்களே, அவள் பேசட்டும். மைக்கை அனுப்புங்கள்... வேண்டாம் என்கிறாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? சரி, அவள் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் சொல்கிறேன். "என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கை தூக்கச் சொல்லாத. நேரத்தச் சொல்லு. எப்ப அணையும்? எப்ப வரும்?"

கைதட்ட வேண்டாம். எனக்குக் கிடைத்த அடி இது, வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா, காலைல பத்து மணிக்கு அணைஞ்சிடும். ராத்திரி எட்டுக்கு முன்னாடி வராது. ஒன்பதுகூட ஆகலாம். அதுக்கு மேல ஆனா, நானே வந்து உன் வாசல்ல நின்னு சொல்றேன்.

என்ன சொல்கிறாள்? "இத அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே செஞ்சிருப்பேன்" என்கிறாள். "விடியறதுக்கு முன்னாடி ரெண்டு பெரிய அடுப்பையும் பத்த வெக்கறேன். மத்தவங்க மெதுவா எழுந்திரிக்கட்டும். உன் குழாய நானே காலி பண்றேன்" என்கிறாள்.

பெருமக்களே, இதற்கு மேல் நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை. எட்டு மணி, ஒன்பதும் ஆகலாம். அதைத் தெரிந்துகொண்டு சம்மதம் தருகிறவர்கள் கை தூக்குங்கள். பெரியோர்களே... தாய்மார்களே... பின்வரிசை இளைஞர்களே... நன்றி. நன்றி. பொறியாளர் ஐயா, எண்ண வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது.

கை தூக்கியவர்களுக்கும், தூக்காமல் இன்னும் யோசிக்கிறவர்களுக்கும், என்னோடு மறுபடி பேசிவிட்ட என் அக்காவுக்கும், குழாய்ப் பணித் தோழர்கள் அனைவரின் சார்பிலும் என் நன்றியும் வணக்கமும்!