டையைக் கால் சுற்றுத் தளர்த்தியவன்

என் பெயர் நிரூஜன். வயது இருபத்து நான்கு. ஆக்லாந்தில் மாசி என்னும் இடத்தில், அனோஜா அக்கா வீட்டு வரவேற்பறைச் சோபாவில் இருக்கிறேன். நல்ல சோபாதான். என்னைவிட ஒரு சாண் குட்டை, அவ்வளவுதான் குறை.

காலையில் அக்காவின் பிள்ளைகள் என் கால்மேல் உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பார்கள். "மாமா, மூவ்" என்பார்கள். நான் மூவ் ஆவேன். வந்த இடத்தில் முகம் சுளிக்கக் கூடாது.

வேறு இடமே இல்லையென்று சொல்ல முடியாது. கராஜ் இருந்தது. அதில் கிளெமென்ட் அத்தான் துவக்கு ரவை, அதாவது துப்பாக்கித் தோட்டா, செய்துகொண்டிருந்தார். மன்னாரில் லேத் பட்டறையில் நின்றவர். இங்கே வந்து மான் வேட்டை பழகிவிட்டார். சுட்ட பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புவார். சுட்ட கோது சற்று உப்பியிருக்கும். அதை, அழுத்தும் கருவியில் பூட்டிய டை என்கிற உருக்கு அச்சுக்குள் செலுத்தினால் பழைய அளவுக்கு வரும். அந்த டையை எவ்வளவு திருகி இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அத்தான் சரியாக இறக்கி, பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"மயிரளவு பிசகினாலும் துவக்கு ஏற்காதடா" என்று அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். ஆகவே இதில் அவருக்கும் பங்குண்டு.

ஒருநாள் சோறு போடும்போது அக்கா சொன்னார்: "இந்த மனுசன் வேட்டையை விட்டா, கராஜைக் கழுவி உனக்கொரு கட்டில் போடலாம்."

அத்தான் குளிக்கப் போனதும் டையைக் கால் சுற்று மேலே தளர்த்தினேன். பழைய கோட்டை எச்சில் விரலால் அழித்துப் புதிய இடத்தில் கோடு போட்டேன். கீழே அதிகம் இறக்கியிருந்தால் சுடும்போது கோது கிழிந்து ஆளுக்கு ஆபத்து. மேலே என்றால் துவக்கின் போல்ட், அதாவது பின்பக்கப் பூட்டு, மூடாது; வெடிக்காது. ஆபத்தில்லாத பக்கத்தையே தேர்ந்தெடுத்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் துவக்கைப் பெட்டியை விட்டு எடுக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அதனால் காட்டில்தான் விஷயம் தெரிந்தது.

"பூட்டுப்படுதில்லையடா நிரூ. மான் நிண்டு என்னைப் பாத்திட்டுப் போகுது."

"பாத்திட்டு மட்டுமோ போச்சுது, கைகாட்டிட்டும் போச்சுதோ?" என்றார் அக்கா.

அத்தான் டையைத் திரும்பச் சரிசெய்து புதுக்கோடு போட்டார். நான் திரும்பத் தளர்த்தினேன். இரண்டாம் முறையும் மூடவில்லை. அவர் கண்ணாடி மாற்றினார். சாப்பாட்டு மேசையில் உள்ளங்கைகளை விரித்து வைத்துப் பார்க்கத் தொடங்கினார்.

"லேத்தில நிண்ட கையடா இது. எனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சு."

"வயசு போகுதுதானே அத்தான்" என்றேன். அவருக்கு வயது நாற்பத்தொன்று. தேநீர் போட்டுக் கொடுத்தேன். சீனி ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

மூன்றாம் முறை காட்டிலிருந்து வந்தவர் வாசலிலேயே முழங்காலில் நின்றார். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

"என்ர கையில பிழையில்லையடி. எங்கட மடுக் கோயில் மாதாதான் துவக்கைக் கட்டிப்போட்டவ. இந்த முறையும் பூட்டாட்டி, வேட்டையை விட்டிட்டுக் கராஜை உனக்கே தாறன் தாயே எண்டு போகேக்க நேந்தனான்."

"இஞ்சாருங்கோ, கராஜையோ?" என்றார் அக்கா. நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

கராஜுக்கு நீல வண்ணம் அடித்தவன் நானே. கட்டில் போடவிருந்த இடத்தில் மாதா சொரூபம் நிற்கிறது. காலடியில் டை பூட்டிய அந்த அழுத்தும் கருவி, பிளாஸ்டிக் பூமாலையோடு. டையை நான் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டேன். இப்போது மிகச் சரியாக இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் செபமாலை. பிளாக்ஹவுஸ் பே என்னும் இடத்திலிருந்து விக்ரோறியா மாமி மகனின் விசாவுக்காக வந்து மெழுகுதிரி கொளுத்துகிறார். ஆரம்பத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டும். நான் பொய் சொல்வதில்லை. "மூன்று முறையும் போல்ட் மூடவில்லை, அத்தானின் கையில் பிழை இல்லை" என்று மட்டுமே சொல்கிறேன். இரண்டும் உண்மை. ஒரு மனிதனுக்கு நிம்மதியும், ஊர்ச்சனத்துக்கு ஒரு கோயிலும், மான்களுக்கு உயிரும் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை.

போன வெள்ளி மாமி இரவு தங்கிவிட்டார். சோபாவை அவருக்குக் கொடுத்தோம்.

இதை வாசிக்கிறவர்கள் அக்காவுக்கோ அத்தானுக்கோ சொல்ல வேண்டாம். ஆக்லாந்தில் எங்காவது ஓர் அறை வாடகைக்கு இருந்தால் எனக்கு அறியத் தாருங்கள்.