காலி நிலையில் ஒப்படைத்தல்

வீடு விற்கிறவர்களில் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படிக்கிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்று தரகர் சொன்னார். நான் படித்தேன். இரண்டு முறை படித்தேன். போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்தோரு வருடம் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டவன் நான். ஓர் அடிக்குறிப்பைக் கவனிக்காமல் விட்டால் எங்கோ ஒரு நிறுத்தத்தில் நாற்பது பேர் வெயிலில் காய்வார்கள். ஆகவே மேடம், அவசரத்தில் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

தரகர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. எங்கள் சமையலறை மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியாக விளக்கினார்.

"இது தனியுரிமை ஒப்பந்தம் சார். பதினாறு வாரத்துக்கு இந்த வீட்டை நாங்க மட்டும்தான் விக்கலாம்."

"நானே ஆள் பிடிச்சுட்டு வந்தா?"

"அப்பவும் எங்க கமிஷன் உண்டு."

"சொந்தக்காரங்க வாங்கினா?"

"உண்டு சார்."

"நடுவுல நான் செத்துப்போயிட்டா?"

அவர் சிரித்தார். "வாரிசுகிட்ட வாங்கிப்போம் சார்."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. முதல் பதினான்கு நாளுக்குள் மனம் மாறினால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்றார். வாங்குகிறவர் தயாராக நின்று, நம் பக்கத்துத் தவறால் விற்பனை முறிந்தால், அப்போதும் கமிஷன் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். பிறகு ஒன்பதாவது விதிக்கு வந்தார். 'விற்பவர் வீட்டைக் காலி நிலையில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் வீட்டில் எந்த நபரும் எந்தப் பொருளும் இருத்தல் ஆகாது.' அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். ஏற்கனவே மூடியிருந்த குழாயை இறுக்கி மூடினாள். தரகரைப் பார்த்து, "உங்களுக்கு வண்டி வந்தாச்சா?" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். "இன்னும் இல்லைங்கம்மா."

"வரும். உக்காருங்க, நிக்காதீங்க."

அவள் போன பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "உங்க அக்காவா சார்? இங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டார். பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். என்னைவிட ஏழு வயது மூத்தவள். தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும்தான். அப்பாவுக்குப் பிறகு வீடு எங்கள் இருவர் பெயரிலும் வந்தது. மறதி தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பு தன் பாதியையும் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாள். "ரெண்டு பேர் பேர்ல இருந்தா நாளைக்கு உனக்குத்தான்டா அலைச்சல்" என்றாள். நான் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறதி வந்து நான்கு வருடம் ஆகிறது. ஓயாமல் புலம்புகிற, அடிக்கிற மாதிரியான நோய் இல்லை அவளுக்கு. அவள் நடந்தாள், அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து காலில் சக்கரம் கட்டியதுபோல. முன்கதவு, மாடிப்படி, பின்கதவு, குளியலறை, மறுபடி முன்கதவு. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் பின்கதவை நாற்பத்தோரு முறை திறந்து மூடினாள். பூட்டி வைத்தால் கைப்பிடியை ஆட்டிக்கொண்டே இருப்பாள். திறந்து வைப்பதே தேவலை. நாளடைவில் எனக்கும் உட்கார இருப்புக் கொள்ளவில்லை. செய்தித்தாளை நின்றுகொண்டே படித்தேன். சாப்பிடும்போதுகூடக் காலை மாற்றி மாற்றி நின்றேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் இடிக்காமல், நாள் முழுக்கப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தோம்.

நான் அவளைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குளிப்பாட்ட ஓர் அம்மாவை வைத்திருந்தேன். தலை நானே வாரிவிட்டேன். நகம் வெட்டிவிட்டேன். பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் பொறித்த ஒரு தகட்டைக் கழுத்தில் மாட்டிவிட்டதும் நான்தான்.

வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அக்கா வாசலில் போய் நின்று, "யார்கிட்ட பேசணும்?" என்பாள். முதலில் வந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது குடும்பம் படுக்கையறையில் நின்றபோது விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். அவர்கள் குழந்தை அழுதது. மூன்றாவதாக வந்த ஒரு பெரியவரிடம், "இந்த வீடு விக்கிறதுக்கு இல்லைங்க. என் தம்பிக்குன்னு வெச்சிருக்கேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரகரைப் பார்த்தேன். தரகர் தன் காலணியைப் பார்த்தார்.

நான்காவதாக வந்த தம்பதி வேறு மாதிரி. அந்தப் பெண் அளவு நாடா கொண்டுவந்திருந்தாள். ஒரு முனையை அக்கா கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களாக்கா?" என்றாள். அக்கா பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரம், ஓர் இடத்தில், அசையாமல் நின்றாள். அப்படி அவள் நின்று நான் பார்த்து வருடக்கணக்காகிறது. எனக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது.

அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒப்படைக்கும் நாள் ஒரு வியாழக்கிழமை என்று குறித்தார்கள். எனக்குக் கடற்கரைப் பக்கம் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று தயாராக இருந்தது. அக்காவுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் விசாரித்திருந்தேன். இடம் இருக்கிறது, ஆனால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் காலியாகும் என்றார்கள். இடையில் எட்டு நாள். அட்டவணை போடுகிறவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஒரு வண்டி போய்விடும், அடுத்தது வராது, நடுவில் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியை எங்காவது நிறுத்திவைக்க வேண்டும்.

விடுதியில் அறை எடுத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். புது இடத்தில் அவளுக்குத் தூக்கம் வராது. அவளுடைய நிம்மதியை நான் யோசித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியைவிடப் பாதுகாப்பான இடம் எது? எப்போதும் வெளிச்சம், மருத்துவர்கள், செவிலியர்கள், குடிக்கத் தண்ணீர், உட்கார இருக்கை. யாரோ ஒருவர் எப்போதும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் எங்களைத் தெரியும். அதனால் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பேருந்து, மூன்று மணி நேரம். அந்த வழித்தடத்துக்கு அட்டவணை நான் போட்டதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டோம். குளிருமே என்று கம்பளிச் சட்டை போட்டுவிட்டேன். கழுத்துத் தகட்டைக் குளிக்கும்போது கழற்றியதாகவும், திரும்ப மாட்ட மறந்ததாகவும் முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

பேருந்தில் அவள் அமைதியாக வந்தாள். ஓடுகிற வண்டிக்குள் அவளுக்கு நடக்கத் தோன்றாது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் சுவரோரமாக ஓர் இருக்கை பார்த்து உட்காரவைத்தேன். தண்ணீர் பாட்டிலும் ஒரு பன்னும் கொடுத்தேன்.

"இங்கயே இரு அக்கா. சீட்டு வாங்கிட்டு வந்துடறேன்."

"நீ சாப்பிட்டியா?"

"அப்புறம் சாப்பிடறேன்."

பன்னைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாள். "போற வழியில சாப்பிடு. மயக்கம் வந்துடப்போகுது."

திரும்பும் பேருந்தில் அதைச் சாப்பிட்டேன்.

மாலை நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். எடுத்தேன். "வணக்கம், லைன்ல இருங்க" என்றது அக்காவின் குரல், பழைய அலுவலகக் குரல். எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியாதவளுக்கு அந்த எண் மட்டும் எப்படி நினைவிருந்ததோ. "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு பெண் பேசினாள். "சார், இங்க ஆஸ்பத்திரியில ஒரு அம்மா இந்த நம்பரையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லைங்க. இது எங்களுக்குப் புதுசா கொடுத்த நம்பர்."

"பாவம் சார். வயசானவங்க. பேரு கேட்டா 'தம்பி வருவான்'னு மட்டும் சொல்றாங்க."

"போலீஸ்ல சொல்லிப் பாருங்க" என்றேன். நல்ல யோசனை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்றே அவர்கள் அதைச் செய்திருந்தால் விஷயம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அன்று மதியம் மறுபடி அடித்தது. இந்த முறை அவளே. "தம்பியா?" என்றாள்.

நான் பேசவில்லை. வைக்கவும் இல்லை. கூடத்தில் யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிடுவதும், நாற்காலியை இழுப்பதும் கேட்டது. பிறகு அவளே, தெளிவாக, "மன்னிக்கணும், தவறான இணைப்பு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்தார். வீட்டை ஒப்படைக்கும்போது எல்லா இணைப்புகளையும் முடித்துவிட வேண்டும் என்பது பதினோராவது விதி.

அன்று இரவு நான் தூங்கவில்லை. வருத்தத்தால் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படித் தோன்றவில்லை. வீடு சத்தமில்லாமல் இருந்தது, என் கால்கள்தான் நிற்கவில்லை. முன்கதவு வரை போனேன். மாடி ஏறி இறங்கினேன். பின்கதவைத் திறந்தேன், மூடினேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறதா என்று போய்ப் பார்த்தேன், சொட்டவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாவியைக் கொடுத்தேன். தரகர் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்து, "காலியா இருக்கு சார், சுத்தமா இருக்கு. இந்த மாதிரி யாரும் கொடுக்க மாட்டாங்க" என்று பட்டியலில் குறியிட்டார். வாங்கிய பெண், "அன்னிக்கு நாடா பிடிச்சாங்களே, அந்த அக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். ஊருக்குப் போய்விட்டாள் என்றேன்.

அக்கா ஆஸ்பத்திரியை விட்டு எப்போது வெளியே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வியாழக்கிழமை மதியம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவள்மேல் மோதியது. ஆஸ்பத்திரியிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஓட்டுநர்மேல் தப்பில்லை, அவள் சாலை ஓரமாகத்தான் வந்தாளாம், பின்னால் வந்த பேருந்தைக் கை காட்டி நிறுத்தத் திடீரென்று குறுக்கே வந்திருக்கிறாள். நம் ஊர்ப் பக்கமாக நடந்திருக்கிறாள். வழி சரியாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

'அடையாளம் தெரியாத மூதாட்டி' என்று நீங்கள் போட்ட படத்தைப் பார்த்து, வீட்டை வாங்கிய அந்தப் பெண்தான் உங்களைக் கூப்பிட்டாள் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

எட்டாம் நாள் போய் அக்காவை அழைத்துவந்து இல்லத்தில் சேர்ப்பதாகத்தான் இருந்தேன் என்று இரண்டு நாளாகச் சொல்லிவருகிறேன். நீங்கள் இல்லத்தில் விசாரித்துவிட்டீர்கள். அந்த இடம் எனக்கு வேண்டாம் என்று திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கு முந்தின நாள். சரிதான்.

நேற்று தரகரையும் அழைத்து வந்து என் எதிரில் உட்காரவைத்தீர்கள். பாவம், அழுதுவிட்டார். "சார், ஒன்பதாவது விதியெல்லாம் எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கறதுதான். வயசானவங்க இருக்காங்க, எட்டு நாள் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தேதியைத் தள்ளி வெச்சிருப்போமே. ஏன் சார் கேக்கல?" என்றார். விதியில் அப்படி எழுதியிருக்கவில்லையே என்று பதில் சொன்னேன். நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள்.

அதை மட்டும் அடித்துவிடுங்கள் மேடம். அவர் நல்ல மனிதர். கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.