மர மீன் சத்தம், அளவு பத்து

— ஏங்க, நீங்க ஓதும்போது தாளத்துக்குத் தட்டுற மர மீன் அந்த மூலையில துணியைப் போத்திக்கிட்டுத் தூங்குது. அப்போ இவ்வளவு நேரமா சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சே 'டொக் டொக்'னு, அது எங்கருந்து வந்துச்சு?

— ஃபுயுமி, கதவைத் தட்டிட்டு வரக் கூடாதா?

— பொறந்ததுலருந்து இந்தப் புத்தர் கோயில் மண்டபத்துக்குள்ள நான் தட்டிட்டு வந்ததில்ல. டிவி ஏன் ஓடுது? மடியில என்னது, மேளமா?

— ரப்பர் மேளம். பாட்டுக்கு ஏத்த மாதிரி தட்டுற ஒரு வீடியோ கேம். தியானத்துக்கு நடுவுல சின்ன ஓய்வு, அவ்வளவுதான்.

— பாட்டுக்கு ஏத்த மாதிரின்னா, பாட்டு எங்க?

— அதைப் பூஜ்யத்துல வச்சிருக்கேன்.

— புரியல.

— இதுல ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியா கூட்டிக் குறைச்சுக்கலாம்மா. பாட்டு பூஜ்யம். பக்கத்துல நின்னு கூட்டம் கத்துறது பூஜ்யம். நான் தட்டுற சத்தம் மட்டும் பத்து. அந்தத் தட்டு எப்படிக் கேக்கணும்கிறதும் நம்ம இஷ்டம்தான். மேளம் இருக்கு, கைதட்டு இருக்கு, பூனை இருக்கு. மர மீனும் இருந்துச்சு.

— இருந்துச்சு, உடனே கோயில் சாமி நீங்க எடுத்து வச்சுக்கிட்டீங்க. பாட்டே இல்லாம எப்படித் தட்டுறீங்க?

— மனப்பாடம்.

— அட! மூணு வருஷமா சூத்திரம் மட்டும் ஏட்டைப் பாத்துத்தான் வாசிக்கிறீங்க. இது மனப்பாடமா?

— இது கொஞ்சம் சின்னது.

— இந்தக் குளிர்காலம் பூரா 'அவர் தவத்துல இருக்காரு, மெதுவா நடங்க'ன்னு தபால்காரரைக்கூட விரட்டினேனே! ஓதுற குரல் கேக்கலையேன்னு கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?

— மனசுக்குள்ள சொல்றேன்னு.

— சொன்னீங்களா?

— பாட்டைச் சொன்னேன்.

— நாசமாப் போச்சு. அப்பா கண்ணை மூடினதுலருந்து உங்களைத் தலைமைச் சாமியா வச்சுக்கலாமா வேண்டாமான்னு ஊர்ப் பெரியவங்க ஏழு பேரும் இழுத்துக்கிட்டே இருக்காங்க. இன்னைக்குத்தான் முடிவு. கையெழுத்துப் போடலைன்னா வேற சாமி வருவாரு, நாம மூட்டையைக் கட்டணும். இவாமத்சு ஐயா படியேறிக்கிட்டிருக்காரு. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்!

— இப்பவா? அணை, அதை அணை!

— எதை அழுத்தணும்? இதுவா?

— ஐயோ, அது அணைக்கிறது இல்ல, தட்டுச் சத்தத்தை மாத்துறது.

— ஏதோ பூனைப் படம் வருது.

— தொடாதே! டிவி மேல துணியைப் போடு. மேளத்தை உனக்குப் பின்னாடி தள்ளிக்கிட்டு உட்காரு.

— சாமி இருக்கீங்களா? நான் இவாமத்சு. உள்ள வரலாமா?

— வாங்க ஐயா, வாங்க. வெளிய பனி அதிகமோ?

— முழங்கால் அளவு கெடக்கு, பாத்துக்கிடுங்க. இந்தா யம்மா ஃபுயுமி, முள்ளங்கி ஊறுகாய். எங்க வீட்டுப் பீப்பாய்ல போட்டது. ஏன் அங்கயே உக்காந்திருக்க, வந்து வாங்கிக்க.

— இல்ல ஐயா, கால் மரத்துப் போச்சு. அங்கயே வைங்க.

— மியாவ்!

— பூனை வளக்கீங்களா?

— குட்டி ஐயா. நேத்துத்தான் வந்துச்சு.

— மியாவ், மியாவ்!

— ஃபுயுமி, காலை எடு.

— நல்லாத் தாளம் போட்டுக் கத்துதே. சரி, அது கெடக்கட்டும். சாமி, வந்த விஷயத்தைச் சொல்லுதேன். நீங்க வந்த புதுசுல எங்களுக்கு நம்பிக்கை இல்ல, பாத்துக்கிடுங்க. டோக்கியோல வளந்த பையன், பொண்ணைக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வந்தவன், ஒரு பனிக்காலம் தாங்க மாட்டான்னு வாய் கூசாமப் பேசினோம்.

— அதெல்லாம் பேசுறதுதானே ஐயா.

— யம்மா, நீ சும்மா இரு, நாங்க உன்னையும் சேத்துத்தான் பேசினோம். ஆனா தெனம் சாயங்காலம் அந்த 'டொக் டொக்' கேக்க ஆரம்பிச்சதும் எல்லாரு வாயும் அடைஞ்சு போச்சு. கீழ ரோட்டுல குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேக்கோம். உங்கப்பா பெரிய சாமி இருந்த காலத்துலகூட இந்த வேகத்துக்கு ஒருத்தரும் தட்டினதில்ல.

— அவர் அப்படித்தான் ஐயா. உட்கார்ந்துட்டா சோறு தண்ணி மறந்துடும்.

— ஃபுயுமி...

— என்னங்க? போய் ஐயாவுக்கு டீ போட்டுக் கொண்டாங்க.

— அவர் கேக்கலையே.

— கேப்பார். எந்திரிங்க.

— இல்ல. ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— குளிர் ஏறினா அவருக்கு இப்படித்தான் ஐயா, என்னென்னமோ பேசுவாரு.

— நான் தட்டினது மர மீன் இல்ல. ஃபுயுமி, டிவி மேல இருக்கிற துணியை எடு.

— மாட்டேன்.

— நானே எடுக்கிறேன். இதோ பாருங்க ஐயா. இது ஒரு விளையாட்டு. பாட்டைச் சுத்தமா குறைச்சு, தட்டுச் சத்தத்தை முழுசா கூட்டி, அது மர மீன் மாதிரி கேக்கும்படி வச்சேன். நீங்க பனியில நின்னு கேட்டதெல்லாம் இதைத்தான். இப்போ அது பூனையில நிக்குது.

— முடிஞ்சுது. அம்மாவோட அலமாரியை இந்தப் பனியில எப்படி இறக்கப் போறேனோ.

— என்னத்துக்கு சாமி இப்படி?

— பயம் ஐயா. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், பயம். வந்த நாள்லருந்து நான் ஓதுறது சரியா தப்பான்னு இந்த ஊர்ல ஒருத்தர்கூட வாயைத் திறந்து சொன்னதில்ல. குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போயிடுவீங்க. வெளிய போய் என்ன பேசுறீங்கன்னும் தெரியாது. நிஜ மர மீன் முன்னாடி தனியா உட்கார்ந்தா சரியாத் தட்டுறேனா இல்லையான்னே எனக்குத் தெரியல. இது அப்படி இல்ல. சரியாத் தட்டினா சரிங்குது, தப்புன்னா தப்புன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுது. அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிப் போயிட்டேன். உங்களை ஏமாத்தினது தப்பு. கையெழுத்துப் போட வேண்டாம்.

— இதை ஒருநாளாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

— நீயும் கும்பிட்டுட்டுத்தானே போவே.

— நான் அடுப்புல வச்சதைப் பாக்க ஓடுவேங்க!

— யம்மா ஃபுயுமி, அழுகையை அப்புறம் வச்சுக்க. இந்தப் பூனையை எடுத்துட்டு மர மீனை வைக்கிறது எப்படி? சாமி, உங்களுக்குத் தெரியும்லா, நீங்க வைங்க. பாட்டையும் கூட்டுங்க. எங்கள்ல ஒருத்தருக்குக் காது மந்தம்.

— ஐயா?

— காய்கறி மார்க்கெட்டுக்கு மேல்மாடியில காசு போட்டு வீடியோ கேம் ஆடுற கடை இருக்குல்லா? அங்க காலையில கெழடுகளுக்குன்னு தனி நேரம் விடுதாங்க. கை மரத்துப் போகாம இருக்க எதையாவது தட்டுங்கன்னு டாக்டர் சொன்னாரு, நாங்க ஏழு பேரும் போய் இதே மேளத்தைப் போட்டு அடிக்கோம். சண்டை போட்டு அடிக்கோம், பாத்துக்கிடுங்க. பாட்டு என்னத்துக்கு? தட்டைக் கேட்டாப் போதும், இது இன்ன பாட்டுன்னு சொல்லிப்புடுவோம்.

— அப்போ ரோட்டுல குடை பிடிச்சுக்கிட்டு நின்னது...

— பின்ன, அந்தக் குளிர்ல சூத்திரம் கேக்கவா நிப்போம்?

— ஏன் ஐயா, முதல்லயே சொல்லியிருக்கலாமே!

— எப்படிச் சொல்லுறது? சாமியாச்சேன்னு ஒரு மரியாதைதான். இப்போ நீங்களே கேட்டுட்டீங்க, அதனால சொல்லுதேன்: முடியப் போற இடத்துல சரசரன்னு ஒரு ஓட்டம் வருதுல்லா, அங்க உங்க இடது கை ஒரு தட்டு பிந்துது. தெனம் பிந்துது. மத்த ஆறு பேரும் பனிப் பூட்ஸைக் கழட்டிட்டு வாசல்ல நிக்காங்க, அந்த இடத்தை இன்னைக்கு விடாம அடிச்சிட்டீங்கன்னா கையெழுத்து. உக்காருங்க சாமி.