சைஃபுல்லா சார் வீட்டில் எத்தனை பேர்?

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் அவர்களே, மேடையில் உள்ள பெரியோர்களே, சாரின் மகன் முபின் அவர்களே, வரும் பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போகிற ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்தில் நாற்காலிகள் நூற்றிருபது. உட்கார்ந்திருப்பவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். நிற்பவர்கள் பதினான்கு பேர். இரண்டு நாற்காலிகளில் பைகள் உட்கார்ந்திருக்கின்றன. எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். எண்ணாமல் ஏறியிருந்தால் தலைமையாசிரியர் சைஃபுல்லா அவர்கள் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அஜ்மத் பேகம் அம்மா, கணவர் இறந்தபின் வெளியாரைப் பார்க்காமலிருக்கும் இத்தாவில் இருப்பதால் உள்ளறையிலிருந்தே பேசினார்.

"அண்ணா, பிப்ரவரில எண்ண வருவாங்களே, அவர் பேரையும் எழுதச் சொல்லுங்க. ஊரையே எண்ணுனவரு. அவரை மட்டும் வுட்டுடுவீங்களா?"

முப்பத்தேழு ஆண்டுகளாக வகுப்பறையில் பேசிப் பிழைத்தவன், அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அம்மாவுக்கான பதிலை இந்தக் கூட்டத்தில் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

யார் இந்த சைஃபுல்லா? எண்பத்தொன்று, தொண்ணூற்றொன்று, இரண்டாயிரத்தொன்று, இரண்டாயிரத்துப் பதினொன்று என்று நான்கு கணக்கெடுப்புகளில் உழைத்தவர். பாஸ்போர்ட் எடுக்காதவர். ஆனால் வேங்கிக்கால் பயிற்சி வகுப்பில் அவர் போகாத நாடு உண்டா?

"டென்மார்க்ல யாரும் கதவைத் தட்டமாட்டான். ஆளுக்கொரு நம்பர், எல்லாம் பதிவேட்ல இருக்கு. கூட்டிப் பார்த்துட்டு வூட்டுக்குப் போயிடுவான். நம்மூர்ல தட்டுனாதான் முதல்ல நாய் வரும், அப்புறம் ஆள் வரும்" என்பார். கனடாவில் கடிதம் போகும், பதில் வராத வீட்டுக்குத்தான் ஆள் போவார். பிரான்சில் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கொண்டே இருப்பார்கள். "நம்ம ரோடு போடுற மாதிரி" என்பார். துருக்கியில் ஒரு காலத்தில், எண்ணி முடிக்கிறவரை ஒருவரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. "அதை இங்க கிரிவலப் பௌர்ணமி அன்னிக்குப் பண்ணிப் பாருங்களேன்!" ஆஸ்திரேலியாவில் குறிப்பிட்ட ஓர் இரவில் யார் எங்கே இருக்கிறார்களோ, அங்கேயே கணக்கு. "அந்த முறையில தொண்ணூத்தொண்ணுல எண்ணியிருந்தா, நம்ம மாவட்டத்துக்கு இன்னும் ரெண்டு எம்.பி. ஜாஸ்தி கிடைச்சிருப்பாங்க."

ஏன் தொண்ணூற்றொன்று? நம் நாட்டில் வீடற்றவர்களை எண்ணுவது பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி இரவு. அந்த ஆண்டு அதே இரவு பௌர்ணமி! டெல்லியில் தேதி குறித்தவர்கள் கிரிவலத்தைக் கேட்டுக் குறிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடமான எனக்கு அடி அண்ணாமலைப் பகுதி. சாலையோரமெங்கும் மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். எழுப்பப் பாவமாக இருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? போர்வைக்கு வெளியே தெரிந்த கால்களை எண்ணி இரண்டால் வகுத்தேன். வீடற்றவர் இருநூற்றுப் பன்னிரண்டு!

மேற்பார்வையாளரான சார் சைக்கிளில் வந்தார். தாளைப் பார்த்தார்.

"ஏம்பா சுப்பிரமணி, இத்தனை பேருக்கும் வூடு இல்லையா?"

"ரோட்ல தூங்கறாங்களே சார்."

"அந்தப் பச்சைப் போர்வை யாருன்னு தெரியுதா? உன் மாமனாருப்பா. செங்கத்துல மாடி வூடு வச்சிருக்காரு. அந்த வூட்டை என்னைக்குய்யா புடுங்குன நீ?"

இருவரும் ஒவ்வொருவராக எழுப்பினோம். வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை, அதை மட்டும்தான் சார் எண்ணவில்லை. விடிவதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டாகிவிட்டது. கிளம்பும்போது ஓர் அம்மா, மூட்டையோடு. "நான் சாமி கும்புட வந்தவப்பா" என்றார். நான் நகர்ந்துவிட்டேன். சார் நகரவில்லை.

"ஊருக்கு எத்தனை மணி பஸ்ஸும்மா?"

"எந்த பஸ்ஸு?"

சார் தரையில் உட்கார்ந்து தாளை எடுத்தார். வெகுநேரம் கழித்துப் பெயர் வந்தது. பாஞ்சாலை.

"என்னை எழுதி இன்னாப்பா ஆவப்போவுது?"

"ஒண்ணு கூடும்மா" என்றார் சார்.

ஒண்ணு கூடும்! அவ்வளவுதான் சொன்னார். வீடு கிடைக்கும், அரிசி கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. இல்லாததை எழுதாதவர் இல்லாததைச் சொல்லவும் மாட்டார். கோடிகளில் பேசுகிற நாட்டில் ஒன்று கூடுவதற்காக விடிகிற நேரத்தில் தரையில் உட்கார்ந்தவரைப் போல இன்னொருவரைக் காட்டுங்கள், நான் இறங்கிவிடுகிறேன்.

நண்பர்களே, இந்த ஆண்டு கணக்கெடுப்பின் முதல் கட்டமாக வீட்டுப் பட்டியல் எடுத்தபோது சார் வீட்டில் அவர், அம்மா, முபின், மருமகள் ரூபீனா, பேத்தி மெஹ்விஷ் என ஐந்து பேர். எடுத்த பதினெட்டாம் நாள் காலமானார். தாம் சொன்ன எண்ணை அவர் தவறாக்கியது வாழ்க்கையில் இது ஒருமுறைதான்.

அம்மாவுக்கு என் பதில் இதுதான். எழுத முடியாதும்மா. இருநூற்று நான்கு பேரை அடித்துவிட்டு ஒரு பாஞ்சாலையைச் சேர்த்தவரின் பெயரை, பொய்யாக எழுதி நாங்கள் கௌரவிக்க முடியாது. ஒண்ணு குறையும்மா.

இந்த முறை தாள் இல்லை, செல்போன். நீங்களே உங்களைப் பதிந்துகொள்ளலாம் என்கிறார்கள், நல்லது. ஆனால் பாஞ்சாலையிடம் யார் போனைக் கொடுத்தார்கள்? ஆகவே பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி இரவு அடி அண்ணாமலைப் பாதையில் நானும் உங்களோடு நடப்பேன். சம்பளம் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம். கால்களை எண்ண மாட்டேன். எழுப்புவேன், திட்டு வாங்குவேன், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பேன். ஓர் ஆளும் விட்டுப்போக விடமாட்டோம். இது சாருக்கு நாம் தரும் சொல்.

கடைசியாக ஒன்று. சார் தெருவுக்கு எழிலரசி டீச்சரைப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் இருக்கிறார். டீச்சர், அந்தக் கதவைத் தட்டுங்கள். எத்தனை பேர் என்று கேட்டால் அம்மா ஐந்து என்பார். மறுத்துப் பேசாதீர்கள். உட்காருங்கள். டீ கொடுப்பார், குடியுங்கள். அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார், எவ்வளவு நேரமானாலும் கேளுங்கள். அம்மாவே விரல் விட்டு எண்ணி முடிக்கும்வரை காத்திருங்கள்.

பிறகு நான்கு என்று எழுதுங்கள்.