ஞாபக சக்திக்கு ஒரு டம்ளர்

நெல்லிக்காய்ச் சாற்றில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் ருசி, மேடம். விசாரணைக்கு வந்த உங்களுக்கும் ஒரு டம்ளர் கொடுத்திருப்பேன். நீங்கள்தான் குடிக்க மாட்டீர்கள்.

நான் பிள்ளைகளை அடித்ததில்லை. யாரையும் மக்கு என்றதில்லை. 'மெல்லக் கற்போர்' என்று அரசாங்கம் மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறது, அதையே சொல்வேன். பிளஸ் டூ வேதியியலில் எனக்கு அப்படி ஏழு பேர், கடைசி பெஞ்ச். அந்தப் பக்கம் நான் திரும்பியதில்லை. மரக்காணம் உப்பளத்தில் எவனாவது நாற்று நடுவானா?

பொங்கல் முடிந்ததும் தலைமையாசிரியர் சகாதேவன் கூப்பிட்டார்.

"ஏம்பா கண்ணாயிரம், உன் சப்ஜெக்ட் இந்த வாட்டி நூறு பர்சென்ட் வரும்ல? வரலைன்னா உன்னை மலைக்கு மாத்திடுவாங்க, சொல்லிட்டேன்."

எனக்கு மலைப் பாதையில் பஸ் ஏறினாலே குமட்டும்.

தேர்வுக்கு வராதவனைத் தோற்றவன் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த விதியை நான் போடவில்லை. ஏழு பேரும் ஒரே ஒரு நாள் வீட்டில் இருந்தால் போதும், பிறகு துணைத்தேர்வு இருக்கவே இருக்கிறது.

உப்பு வாரிய பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அதில் பேதி உப்பு ஏராளம். பக்கிரியின் உப்பளத்தில் ஒரு கேன் பிடித்துவந்தேன். ஆனால் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் குடிக்க வேண்டுமே, அதற்கு என்மேல் நம்பிக்கை வர வேண்டாமா? ஆகவே மாலை வகுப்பு தொடங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புரியாததைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தினமும் ஆளுக்கொரு டம்ளர் நல்ல சாறு, ஞாபக சக்திக்கு என்று சொல்லி.

முதல் நாள் வைஜெயந்தி டம்ளரைத் தொடாமல், "எங்களுக்கா சார்?" என்றாள். மார்ச்சில் அதே பெண் கரும்பலகையில் நான் எழுதிய சமன்பாட்டில் தப்புக் கண்டுபிடித்தாள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை, என் கவனமெல்லாம் டம்ளரில்.

தேர்வுக்கு முந்தின மாலை விசேஷச் சாற்றை ஆளுக்கொரு பாட்டிலில் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் ஏழு பேரும் எண்ணெய் வைத்துத் தலைவாரி வந்து நிற்கிறார்கள். பரத்தையும் அவனோடு முதல் பெஞ்சில் உட்காரும் கெட்டிக்காரர்களையும்தான் காணோம்.

"நேத்து ஸ்கூல் கேட்டாண்ட பரத் பாட்டிலைப் புடுங்கிட்டான் சார்," என்றாள் வைஜெயந்தி. "'சென்டம் வாங்கற எங்களுக்குக் குடுக்காம உங்களுக்கா'ன்னு அவங்களே பங்கு போட்டுக் குடிச்சிட்டாங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பரத்தின் அப்பாதான் பக்கிரி. மகன் கக்கூஸை விட்டு வெளியே வராததைக் கண்டு, பாட்டிலின் அடியில் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்து, "இது நம்ம பாத்தித் தண்ணியாச்சே" என்றாராம். அவர் எழுதிப்போட்ட புகாருக்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். வருவதற்குள் ரிசல்ட்டே வந்துவிட்டது. எழுதிய அத்தனை பேரும் பாஸ், அந்த ஏழு பேரும் சேர்த்து. சகாதேவன் எனக்குச் சால்வை போர்த்தினார்.

ஆமாம் மேடம், கலந்தது நான்தான். பரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது, தங்கமான பையன். மற்றபடி எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. அந்த ஏழு பேருக்கு நான் எதுவுமே செய்யவில்லையே, எப்படித் தேறினார்கள்? காப்பி அடித்திருப்பார்கள். அதையும் கொஞ்சம் விசாரித்துவிடுங்கள்.