சிலம்பாயி படல்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம பூட்டனுக்கும் பூட்டன் ஆடு மேய்ச்ச காலத்துல, ஓடைக்குறிச்சின்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு மருமகளா வந்தவ சிலம்பாயி. எதைப் பார்த்தாலும் "அது ஏன் அப்படி?"ன்னு கேக்குறவளாம். மாமனாரு வேலுக்கோன் பெரிய ஆட்டுக்காரரு. அவருக்கும் அவளுக்கும் நாளெல்லாம் இதே பேச்சுத்தானாம்.

ஒரு ஐப்பசியில கம்மாய் ஒடைஞ்சுபோச்சு. ஆட்டை எல்லாம் ஓட்டிக்கிட்டு ஒரு திட்டுல ஏறிட்டாங்க. ஆடு தப்பிச்சுச்சு. ஆனா ராத்திரி பட்டி அடைக்கிற மூங்கில் படலை எல்லாம் தண்ணி கொண்டுபோயிருச்சு. மிஞ்சினது இருபத்தோரு படல். திட்டைச் சுத்தி உடைமுள் மண்டின உடங்காடு. காட்டுக்குள்ள ஓநாய்.

வேலுக்கோன் எப்பவும்போல நீளவாக்குல பட்டி போட்டாரு. பாதி ஆடு உள்ள, பாதி ஆடு வெளிய. விடிஞ்சு பார்த்தா மூணு குட்டியைக் காணோம். தாயாடு கத்துது, கத்துது, கத்திக்கிட்டே இருக்குது.

சிலம்பாயி ஒரு கயித்தை எடுத்தா. ரெண்டு முனையையும் முடிஞ்சா. தரையில நீளமாப் போட்டு, உள்ள ஆட்டுப் புழுக்கையை நெருக்கி அடுக்கினா. ரெண்டு கை அள்ளினது போதும், நிறைஞ்சிருச்சு. அதே கயித்தை வட்டமா விரிச்சா. அடுக்கினா, அடுக்கினா, இன்னும் இடம் கிடக்குது.

"மாமா, இங்க வந்து பாருங்க."

வேலுக்கோன் குனிஞ்சு பார்த்தாரு. "கயிறு அதே கயிறுதானே தாயி? இம்புட்டு இடம் எங்கேருந்து வந்துச்சு?"

"அதான் மாமா எனக்கும் தெரியலை. சுத்தளவு கூடலை, உள்ள மட்டும் கூடுது."

"அப்ப வட்டமாவே போடுவோம். எங்கப்பாரு கிணறு வெட்டும்போது சொல்லுவாரு, குறுக்க ஒண்ணுன்னா சுத்தி மூணுன்னு. இருபத்தொண்ணு இருக்கு. குறுக்க ஏழு படல் அகலம் வரட்டும்."

நடுவுல முளை அடிச்சாங்க. கயிறு கட்டி வட்டம் கீறினாங்க. கோட்டுமேல படலை வரிசையா நிறுத்துனாங்க. ஆடு அத்தனையும் உள்ள போயிருச்சாம், படுக்கவும் இடம் இருந்துச்சாம். ஆனா படல் முட்டலை. கடைசியில ஒரு ஆளு தாராளமாப் போற இடைவெளி. பொழுதும் இறங்கிருச்சு.

"எங்கப்பாரு பொய் சொல்ல மாட்டாரே"ன்னாரு வேலுக்கோன்.

"பொய்யில்லை மாமா. கொஞ்சம் விட்டுட்டுச் சொல்லியிருக்காரு."

அப்படிச் சொல்லிட்டு, தொரட்டிக் கம்பை மடியில வச்சுக்கிட்டு அந்த இடைவெளியிலேயே உக்காந்துட்டாளாம். ஓநாய் வந்துச்சாம், பார்த்துச்சாம். இவ கம்பைத் தரையில தட்டினாளாம். அது போச்சாம், மறுபடி வந்துச்சாம். அவ எந்திரிக்கலை. விடியுறவரைக்கும் ஒரு குட்டி குறையலை.

காலையில பனைமட்டையைக் கிழிச்சு இன்னொரு படல் முடைஞ்சா. இடைவெளியில வச்சா. சரியாப் பொருந்துச்சான்னா, அதுவும் இல்லை. பக்கத்துப் படல்மேல ஒரு சாணுக்குள்ள ஏறி நின்னுச்சு.

மத்தவங்களா இருந்தா விட்டிருப்பாங்க. இவ விடலை. தண்ணி வடிஞ்சு ஊரு திரும்பின பிறகும் சின்ன வட்டம் கீறினா, பெரிய வட்டம் கீறினா. கயித்தை வளைச்சு வளைச்சு வச்சுப் பார்த்தா. எந்த வட்டமானாலும் மூணு போதலை. மூணோட குறுக்களவுல ஏழுல ஒரு பங்கு சேர்த்தா, ஒரு மயிரிழை கூடிருது. தலை நரைச்ச காலத்துலயும் கேப்பாளாம்: "குறைஞ்சா குறையுது, சேர்த்தா கூடுது. சரியா முட்டுற அளவு எங்கதான் இருக்கு?" பதில் சொல்ல ஆளில்லை. அவளும் கேக்குறதை நிறுத்தலை.

இன்னிக்கும் அந்தப் பக்கம் ஆட்டுக்காரங்க வட்டமாத்தான் பட்டி போடுவாங்க. குறுக்க ஏழு அளந்து, சுத்தி மூவேழு நிறுத்திட்டு, இன்னொண்ணைக் கையில எடுத்து, "இது சிலம்பாயிக்கு"ன்னு சொல்லி வைப்பாங்க. அந்தப் படலை மட்டும் இறுக்கிக் கட்டுறதில்லை. அதுதான் வாசல். காலையில ஆடெல்லாம் அது வழியாத்தான் மேய்ச்சலுக்குப் போகும்.