சக்கர வாத்தியார் மேல் ஒரு புகார்

— '...மேற்படி ரோபோ கணக்கில் பிழை செய்வதால் அதைத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.' இதுக்கா டீச்சரம்மா ரெண்டு ஜெராக்ஸ்?

— எடுக்கச் சொன்னா எடுங்க அக்கா. படிக்கச் சொன்னேனா?

— கண்ணை மூடிக்கிட்டு வச்சா எழுத்து கோணலா விழும். நமக்கெதுக்கு வம்பு! ஆனா போன வாரம் இதே கடையில நின்னு அந்தச் சக்கர வாத்தியாரை நீங்க புகழ்ந்தது என்ன? புதுப் பொண்ணு மாப்பிள்ளையைக்கூட அப்படிப் பேச மாட்டா.

— புகழாம? சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கு. அடியில ரெண்டு சக்கரம், வயித்துல ஒரு பேனா. 'முப்பது சென்டிமீட்டர் போ, இவ்வளவு திரும்பு'ன்னு பசங்க பட்டனைத் தட்டினா, தரையில விரிச்ச பேப்பர்ல கோடு போட்டுக்கிட்டே போகுது. ஒன்பதாம் வகுப்புல ஒரு தலை சாயலை அக்கா. நான் பாடம் எடுத்தா முதல் பெஞ்சே கொட்டாவி விடும்.

— தெரியும், தெரியும். எதிர்ல கடை வச்சிருக்கேன், ஜன்னல் தெரியாதா?

— தப்பாச் சொன்னா திட்டாது. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காது. சொன்னதை அப்படியே போட்டுக் காட்டும். பசங்களே 'ஐயையோ'ன்னு தலையில அடிச்சுக்கிட்டுத் திருத்துவாங்க. நூறு தடவை ஆனாலும் அதுக்கு அலுக்காது. எனக்கு மூணாவது தடவையே குரல் ஏறிடும்.

— உங்க குரல் ஏறினா என் கடைக் கண்ணாடியே அதிருமே! சரி, அவ்வளவு தங்கமானது என்ன பிழை செஞ்சுதாம்?

— முக்கோணம்.

— அது சின்னப் புள்ளைங்க போடுறதாச்சே?

— மூணு பக்கமும் சமமான முக்கோணம். உள்ளே ஒவ்வொரு மூலையும் அறுபது டிகிரி. அதனால போர்டுல எழுதினேன்: முப்பது போ, அறுபது திரும்பு, இதையே மூணு தடவை. நேத்துன்னு பார்த்து ஹெட்மாஸ்டரும் கிளாஸ் வாசல்ல வந்து நின்னாரு. அது போச்சு, திரும்புச்சு, போச்சு... மூணு கோடும் முடிஞ்சும் சேரலை. சட்டியைப் பாதியா வெட்டி வச்ச மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது.

— மானத்தை வாங்கிடுச்சு!

— 'மெஷின்ல கோளாறு சார்'னு வாயில வந்துடுச்சு. 'அப்போ எழுதிக் கொடுங்க, அனுப்பிடலாம்'னு அவரு போயிட்டாரு.

— கோளாறுன்னா அனுப்ப வேண்டியதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிக் கிடக்கு?

— கோளாறு இல்லைக்கா. ராத்திரி எங்க ஹால்ல நானே நடந்து பார்த்தேன். நேரா நடந்துட்டு அறுபது மட்டும் திரும்பினா லேசா வளைஞ்ச மாதிரிதான். நல்லா நூத்தி இருபது திரும்பினாத்தான் கிளம்பின இடத்துக்கே வந்து சேர முடியுது. அப்பதான் மூலைக்கு உள்ளே அறுபது மிஞ்சுது. மெஷின் நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கு.

— அடேங்கப்பா! இருபத்திரண்டு வருஷ சர்வீஸை ஒரு தட்டு கவுத்துடுச்சா? அதை ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

— நாப்பது பசங்க முன்னாடி 'நான்தான் தப்பு'ன்னு நிக்கவா? அப்புறம் எவன் மதிப்பான்? மெஷினுக்கென்ன, மானமா ரோஷமா? பழியைத் தாங்கிக்கும்.

— கிளாஸ்ல ஒருத்தர்கூடவா கண்டுபிடிக்கலை?

— ...ஒரு பொண்ணு. கடைசி பெஞ்சு. வருஷம் பூரா வாயே திறக்காதவ. அந்த மெஷின் கூடவே பெஞ்சுக்கு நடுவுல நடந்து, திரும்பிப் பார்த்து, 'நூத்தி இருபது டீச்சர்'னு சொன்னா. 'போய் உட்காரு'ன்னு அதட்டிட்டேன்.

— அந்தப் பொண்ணு யாருன்னு சொல்ல மட்டும் வாய் வரலையாக்கும். என் மகதான்னு எனக்குத் தெரியாதா?

— அக்கா...

— நேத்து வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னப்பகூட உங்களை ஒரு வார்த்தை குறை சொல்லலை. 'டீச்சர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும், எனக்குத்தான் கணக்கு ஏறாது'ன்னு, இதோ இப்பவும் கடைக்குப் பின்னாடி ரூம்ல உட்கார்ந்து, நோட்டுல நூத்தி இருபதை அழிச்சிட்டு அறுபதுன்னு எழுதிக்கிட்டிருக்கா.

— ரப்பரைப் பிடுங்குங்க அக்கா! அவளை இங்கே இழுத்துட்டு வாங்க, நான் பேசறது அவ காதுல விழணும்... ஹலோ, ஹெட்மாஸ்டர் சாரா? மெஷின் சரி சார். நான்தான் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன்.